ஐம்பது கிராம் மண்

குக்கர் கைப்பிடி, மிக்ஸி பிளேடு, கிணற்று மோட்டார் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ சாமான்களைப் பற்றிப் பேசியாகிவிட்டது. இந்த வாரம் அடுக்களையை விட்டுச் சற்று வாசலுக்கு வருவோம். வாசலில் நிற்கும் ஜீப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. "ஜீப்புக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! அதில் உட்கார்ந்து போகிறவர்கள் நாம்தானே? இப்போது ஓட்டுகிறவர்களும் நாம்தான்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே தென்னந்தோப்பு வைத்திருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். தோப்புக்கும் வீட்டுக்கும் அவரேதான் ஜீப் ஓட்டுகிறார். மழைக் காலத்தில் வண்டி சேற்றில் புதைந்து போகிறதே என்று, பெரிய பெரிய பற்கள் வைத்த 'மட் டயர்' நான்கு வாங்கிப் போட்டார்களாம். அன்று பிடித்தது உபத்திரவம். கோயமுத்தூர் பைபாஸில் 75, 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் ஸ்டீயரிங் கையில் துள்ளுகிறது. டயர் கடையில் மூன்று தடவை பாலன்ஸிங் பார்த்தாயிற்று. மூன்றாம் தடவை கடைக்காரர் சொன்ன பதில்: "மட் டயர்னா அப்படித்தானுங்க அம்மணி ஆடும். ஓட்ட ஓட்டப் பழகிக்குமுங்க."

இந்த அம்மாள் மாதம் ஒரு முறை மாமியாரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு வால்பாறைக்குப் போகிறவர். ஆழியாறைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவு. "பழகிக்கொள்ள வேண்டியது நானா, வண்டியா?" என்று கேட்டிருக்கிறார்.

வண்டிதான் அம்மா, சந்தேகமே வேண்டாம். மட் டயர் சத்தம் போடும். தார் ரோட்டில் 'ஊ' என்று ஒரே சுருதியில் முனகும். அது அதன் ஜாதகம். ஆனால் ஸ்டீயரிங்கை ஆட்டுவது அதன் ஜாதகத்தில் இல்லை. சத்தம் சகஜம் என்றவர்கள், அதோடு சேர்த்து ஆட்டத்தையும் சகஜமாக்கிவிட்டார்கள்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிய இஞ்சினீயரிங் காலேஜுக்குப் போக வேண்டாம். வீட்டில் சைக்கிள் இருக்கிறதா? ஸ்டாண்டு போட்டு, முன் சக்கரம் தரையில் படாதபடி சற்றுத் தூக்கிப் பிடித்து, மெல்லச் சுழற்றி விடுங்கள். சக்கரம் ஓய்ந்து நிற்கும்போது அநேகமாக ஒரே இடம்தான் கீழே வந்து நிற்கும். பெரும்பாலும் அது காற்றடிக்கும் வால்வு இருக்கிற இடமாக இருக்கும். அந்தப் பக்கத்தில் சில கிராம் எடை கூடுதல், அவ்வளவுதான் சமாசாரம். சைக்கிள் வேகத்தில் இந்தச் சில கிராமை யாரும் லட்சியம் செய்வதில்லை. மாட்டு வண்டிச் சக்கரத்தில் அரைக் கிலோ வித்தியாசம் இருந்தாலும் மாட்டுக்குத் தெரியாது. 1920இல் ஜி. டி. நாயுடு ஒரே ஒரு பஸ்ஸை வைத்துக்கொண்டு, தாமே டிரைவராக உட்கார்ந்து, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஓட்ட ஆரம்பித்தாரே, அந்தக் கால ரோட்டுக்கும் அந்தக் கால வேகத்துக்கும் சக்கரத்தின் எடையைச் சரிபார்க்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. வேகம் வந்த பிறகுதான் இந்த வியாதி வந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜீப்புக்குப் போடுகிற பெரிய டயர் ஒன்று, 31 அங்குலக் குறுக்களவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வினாடிக்கு 9 சுற்றுச் சுற்றுகிறது. அதன் இரும்பு ரிம்மின் உட்பக்கத்தில் தோப்பு மண் ஒரு கட்டி, வெறும் 50 கிராம், ஒட்டிக் காய்ந்திருக்கிறது. அந்த வேகத்தில் அந்த 50 கிராம் மண் சக்கரத்தை வெளிப்பக்கமாக இழுக்கிற இழுப்பு 3 கிலோவுக்கு மேல்! யாரோ ஒருவர் மூன்று கிலோ சுத்தியலை வைத்துக்கொண்டு வினாடிக்கு 9 தடவை மேலும் கீழும் இழுப்பதைப் போல. அதே மண் 40 கிலோமீட்டர் வேகத்தில் முக்கால் கிலோ இழுப்போடு சாதுவாக இருந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்கு. ஊருக்குள் ஒழுங்காக இருந்த வண்டி பைபாஸில் பேயாட்டம் போடுவதன் ரகசியம் இதுதான்.

மட் டயரில் மட்டும் ஏன் இது அதிகம்? அதன் எடையெல்லாம் வெளி ஓரத்தில், அந்தப் பெரிய ரப்பர்ப் பற்களில் இருக்கிறது. ஒரு பக்கத்துப் பல்லில் 50 கிராம் ரப்பர் கூடுதலாக இருந்தால், அது மையத்திலிருந்து எட்டத்தில் இருப்பதால், 80 கிலோமீட்டர் வேகத்தில் இழுப்பு 6 கிலோவைத் தாண்டும். அதைச் சரிக்கட்டக் கடைக்காரர் எடைக்கட்டியை வைக்கிற இடம் எது? உள்ளே தள்ளி இருக்கும் ரிம்மின் விளிம்பு. அங்கே 50 கிராம் வைத்தால் போதாது. சுமார் 100 கிராம் வேண்டும். தராசில் தட்டு உள்ளே தள்ளித் தொங்கினால் படி கூடப் போட வேண்டியிருக்குமே, அது போல. சாதாரணக் காருக்குப் பத்து, இருபது கிராம் வைத்துப் பழகிய கை, இங்கே 100 கிராம் என்று யந்திரம் காட்டினால் தயங்குகிறது. பாதி வைத்துவிட்டு "போதுங்க" என்கிறது.

எடை சரியில்லாத சக்கரம் ஆடுவது இரண்டு விதம். ஒன்று மேலும் கீழும் குதிப்பது. மற்றது இடமும் வலமும் தலையாட்டுவது. அகலமான டயரில் உட்பக்க ஓரம் ஒரு இடத்திலும் வெளிப்பக்க ஓரம் அதற்கு எதிர் இடத்திலும் கனமாக இருந்தால், நிறுத்திப் பார்க்கும்போது எல்லாம் சமமாகத்தான் தெரியும். சுற்றும்போதுதான் தலையாட்டல் வரும். ஆகவே சுற்றவிட்டு அளக்கும் யந்திரத்தில், உட்பக்கம் எவ்வளவு வெளிப்பக்கம் எவ்வளவு என்று இரண்டு கணக்கும் பார்க்க வேண்டும். வெளியே தெரிகிற பக்கம் எடைக்கட்டி வைத்தால் அழகு கெடும் என்று உட்பக்கம் மட்டும் ஒட்டித் தருகிற கடைகள் உண்டு. மெல்லிய டயருக்கு அது பரவாயில்லை. மட் டயருக்குப் போதாது.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதையெல்லாம் சொல்லித் தருவது திருநெல்வேலிக்கே அல்வா கொடுத்த கதை. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே முதல் பஞ்சாலையை நிறுவினார். அதே 1888இல்தான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார் என்பது ஒரு வேடிக்கையான பொருத்தம். நூல் நூற்கிற கதிர் இன்று நிமிடத்துக்கு 15,000 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. எடையில் மயிரிழை பிசகினாலும் நூல் அறுந்துவிடும். பம்ப் மோட்டாரின் ரோட்டார் ஒவ்வொன்றையும் எடை சமம் பார்க்காமல் நல்ல பட்டறைக்காரர் வெளியே அனுப்ப மாட்டார். 1955இல் பி. சபாபதி இங்கே உருவாக்கிய வெட் கிரைண்டருக்கு 2005-06இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அதில் கல் ஒரு பக்கம் தேய்ந்தால் மேடை முழுதும் தடதடக்கும் என்று நம் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். சுற்றுகிற சாமானின் எடையைச் சமன் செய்வதே இந்த ஊரின் குலத்தொழில் என்று சொல்லலாம். அப்படிப்பட்ட ஊரில் வந்து, டயர் மட்டும் அப்படித்தான் ஆடும் என்றால் எப்படி?

இருக்கட்டும். அந்த வாசகிக்கு நான் திருப்பிக் கேட்டு எழுதிய கேள்வி ஒன்றுதான்: "ஆட்டம் பைபாஸில் மட்டுமா, மலை ஏறும்போதுமா?"

ஏன் கேட்டேன் தெரியுமா? வால்பாறை வளைவுகளில் நீங்கள் போவது 20, 25 கிலோமீட்டர் வேகம். அந்த வேகத்தில் 50 கிராம் மண்ணின் இழுப்பு 300 கிராம்கூடத் தேறாது. அது ஸ்டீயரிங்குக்கே எட்டாது. ஆகவே மெல்லப் போகும்போதும் வண்டி ஆடினால் அது பாலன்ஸ் கோளாறு அல்ல. நூறு தடவை பாலன்ஸ் பார்த்தாலும் தீராது. வேறு ஏதோ, அதைவிடப் பொல்லாதது, உள்ளே இருக்கிறது. டயரின் உட்பட்டை பிரிந்து ஓரிடத்தில் புடைத்திருக்கலாம். ரிம் நெளிந்திருக்கலாம். சக்கரத்தின் நட் தளர்ந்திருக்கலாம். டயர் புடைப்பு கண்ணில் பட்டால் அந்த டயரோடு பக்கத்து ஊருக்குக்கூடப் போகாதீர்கள், ஸ்டெப்னியை மாட்டுங்கள். வளைவில் போகும்போது வெடித்தால் பிழைப்பது அதிர்ஷ்டம்.

மெக்கானிக் உங்கள் வண்டியைப் பார்ப்பது அரை மணி நேரம். அதுவும் நிற்கிற வண்டியை. அது எப்போது ஆடுகிறது, எந்த வேகத்தில் ஆடுகிறது, எங்கே ஆடுகிறது என்பது கூடவே இருக்கிற உங்களுக்குத்தான் தெரியும். டாக்டரிடம் குழந்தையைக் கொண்டு போகிற தாய், "சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் காய்ச்சல் ஏறுகிறது" என்று சொன்னால் டாக்டர் காது கொடுத்துக் கேட்கிறார் அல்லவா? அப்படிச் சொல்லுங்கள். "வண்டி ஆடுதுங்க" என்று மட்டும் சொன்னால் "பழகிக்கும்" என்றுதான் பதில் வரும்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? ஆட்டம் ஸ்டீயரிங்கில் தெரிந்தால் குற்றவாளி பெரும்பாலும் முன் சக்கரம். ஸ்டீயரிங் சும்மா இருக்க, உட்காரும் ஸீட்டிலும் காலடித் தகட்டிலும் அதிர்ந்தால் பின் சக்கரம். பின்னால் உட்கார்ந்திருக்கும் மாமியாரைக் கேளுங்கள். அவருடைய இடுப்பு பொய் சொல்லாது. பிரேக்கை மிதித்தால் மட்டும் உதறினால் பிரேக் டிரம் அல்லது தட்டைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது உறுமிக்கொண்டு அதிர்ந்தால் கீழே ஓடும் புரொப்பெல்லர் ஷாஃப்டையும் அதன் மூட்டுகளையும் பார்க்க வேண்டும். வண்டி ஆடாமல் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனால் முதலில் டயரில் காற்றைப் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால் அலைன்மென்ட் கோளாறு. அலைன்மென்டும் பாலன்ஸிங்கும் வேறு வேறு. இரண்டுக்கும் ஒரே கடையில் பணம் கட்டுவதால் பலர் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள்.

75இல் ஆரம்பித்து 90ஐத் தாண்டினால் ஆட்டம் குறைகிறது என்றால் அது அசல் பாலன்ஸ் கோளாறுதான். ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால்தானே உயரப் போகிறது? தாளம் தப்பித் தள்ளினால் அவ்வளவாக ஆடாது. வண்டியின் அச்சும் வில்லும் சேர்ந்து ஒரு ஊஞ்சல். சக்கரத்தின் இழுப்பு அந்தத் தாளத்தோடு ஒத்துப் போகிற வேகத்தில் ஆட்டம் உச்சம். அதைத் தாண்டினால் கைக்குத் தெரிவது குறையுமே தவிர, இழுப்பு போய்விடவில்லை, இன்னும் கூடியிருக்கிறது. பேரிங்கும் டை ராடும் அதைத் தின்றுகொண்டிருக்கும். "வேகமாப் போனா நின்னுடுதுங்க" என்று அழுத்துகிற தம்பிமார்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

செலவில்லாத ஒரு பரீட்சை உண்டு. முன் சக்கரம் இரண்டையும் பின்னால் மாட்டிப் பின் சக்கரத்தை முன்னால் மாட்டச் சொல்லுங்கள். ஸ்டீயரிங்கில் இருந்த ஆட்டம் ஸீட்டுக்கு இடம் மாறினால் குற்றம் சக்கரத்தில். மாறாமல் அங்கேயே இருந்தால் குற்றம் முன் அச்சில்.

நம் வாசகியின் பதில் வந்தது. ஆட்டம் பைபாஸில் மட்டும்தான், மலையில் இல்லை, சக்கரத்தை மாற்றிப் போட்டதும் பின்னுக்குப் போய்விட்டது. சரி, சக்கரம்தான். ஆனால் மூன்று தடவை பாலன்ஸ் பார்த்தும் ஏன் தீரவில்லை? இங்கேதான் கடையில் நடக்கிற காரியங்களைக் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதல் காரியம் குளியல். ரிம்மின் உட்பக்கம் யார் கண்ணிலும் படாத இடம். மண் அங்கே அப்பளம் போல ஒட்டிக் காய்ந்திருக்கும். அதை வைத்துக்கொண்டே பாலன்ஸ் பார்த்தால், மண்ணையும் சேர்த்துச் சமன் செய்து கொடுப்பார்கள். வழியில் ஒரு மழையில் மண் கரைந்து போகும். எடைக்கட்டி மட்டும் மிஞ்சும். கடையை விட்டுக் கிளம்பியபோது நன்றாக இருந்த வண்டி மறுநாள் ஆடுகிறதே என்று திகைப்பீர்கள். ஆகவே வீட்டிலேயே தண்ணீரைப் பீய்ச்சி, பழைய துடைப்பத்தால் உட்பக்கத்தைச் சுரண்டிக் கழுவி அனுப்புங்கள். பற்களுக்கு இடையே சொருகியிருக்கும் கல்லையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது வட்டம். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றவிட்டு, டயருக்கு மிக அருகில் ஒரு சாக்பீஸை ஆடாமல் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு இடம் மட்டும் சாக்பீஸில் உரசி, மற்ற இடங்கள் விலகிப் போனால் டயர் வட்டமாக இல்லை என்று அர்த்தம். வட்டமில்லாத டயரை எடைக்கட்டி வைத்து வட்டமாக்க முடியுமா? யந்திரம் 'பூஜ்யம்' காட்டும். ரோட்டில் போட்டால் குதிக்கும். மட் டயரில் இது கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். வைத்தியம் எளிது. டயரை ரிம்மிலிருந்து தளர்த்தி, அரை வட்டம் திருப்பி, மறுபடி மாட்டுவது. ரிம்மின் பள்ளத்துக்கு நேரே டயரின் மேடு வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். புது டயரின் பக்கவாட்டில் மஞ்சள் பொட்டு, சிவப்புப் பொட்டு வைத்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? திருஷ்டிக்கு வைத்ததல்ல. மஞ்சள் பொட்டு டயரின் லேசான இடம். அதை வால்வுக்கு நேரே வைக்க வேண்டும். சிவப்பு, டயர் உயர்ந்து அழுத்துகிற இடம். ரிம்மில் பள்ளத்துக்கு அடையாளம் இருந்தால் அதற்கு நேரே வர வேண்டும். பொட்டைப் பார்க்காமல் மாட்டிவிட்டு, பிறகு கட்டி கட்டியாக எடை ஒட்டுகிறவர்களே அதிகம்.

திருப்பிப் போட்டும் குதித்தால் டயரையே மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போதே பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் வருஷத்து 23ஆம் வாரம் பிறந்த டயர். புளிக்கு வேண்டுமானால் பழசு நல்லது, டயருக்கு அல்ல.

மூன்றாவது, யந்திரத்தில் சக்கரத்தை மாட்டுகிற விதம். என் அபிப்பிராயத்தில் பாதிக் கோளாறு இங்கேதான். காருக்கு நடுத் துவாரத்தில் கூம்பு வைத்து இறுக்கினால் போதும். பழைய மாதிரி ஜீப் ரிம்மில் நடுத் துவாரம் பெரியது. அது அச்சில் உட்காருவது நட்டுகளின் பிடியில்தான், துவாரத்தின் பிடியில் அல்ல. கூம்பில் வைத்தால் மையம் சற்றுத் தப்பும். யந்திரம் சொல்வது வேறு சக்கரத்தின் கணக்காகிவிடும். நட்டுத் துளைகளைப் பிடிக்கிற தட்டு ஒன்று உண்டு. அதை வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும். சரியாக மாட்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஒரு தந்திரம்: பூஜ்யம் காட்டியதும் சக்கரத்தைக் கழற்றி, யந்திரத்திலேயே அரைச் சுற்றுத் திருப்பி மாட்டி, மறுபடி சுற்றவிடச் சொல்லுங்கள. மறுபடியும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் சரி. இப்போது 30, 40 கிராம் காட்டினால் மாட்டியது பிசகு. கேட்க வேண்டியது இந்த ஒரு வாக்கியம்தான்: "அரைச் சுற்றுத் திருப்பிப் போட்டு இன்னொரு தரம் பாருங்க." அதைக் கேட்ட மாத்திரத்தில் கடையில் மரியாதை கூடிவிடும், பாருங்கள்!

நம் வாசகியின் வண்டியில் இதுதான் வெளிப்பட்டது. அதோடு ஒரு டயரை ரிம்மில் அரை வட்டம் திருப்ப வேண்டியிருந்தது. ரிம்மில் மண்ணும் இருந்ததாம். எத்தனை கிராம் என்று அவர் நிறுத்துப் பார்க்கவில்லை.

எடைக்கட்டியிலும் இரண்டு ஜாதி. விளிம்பில் கிளிப் போல மாட்டுவது ஒன்று, ஒட்டுவது மற்றொன்று. கல்லிலும் புதரிலும் போகிற வண்டிக்கு, விளிம்பில் மாட்டியதைக் கல் தட்டிவிடும். ஒட்டுகிற ஜாதியை உட்புறமாகத் துடைத்து உலர்ந்த இரும்பில் ஒட்டினால் நிற்கும். ஈரத்தில் ஒட்டினால் ஈரத் தரையில் ஒட்டிய ஸ்டிக்கர் கோலம்தான்.

டயருக்குள்ளேயே சின்னஞ்சிறு கண்ணாடி அல்லது பீங்கான் மணிகளைப் போட்டுவிடுகிற முறை ஒன்றும் இருக்கிறது. வேகத்தில் அவை தாமாகவே லேசான பக்கத்துக்கு நகர்ந்து சமன் செய்யும். கதையல்ல, உங்கள் வீட்டு வாஷிங் மெஷினிலேயே இந்த வித்தை இருக்கிறது. மேல் மூடி மெஷினில் தொட்டியின் மேல் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, பல மெஷின்களில் அதனுள் உப்பு நீர் அடைத்திருக்கிறார்கள். துணி ஒரு பக்கம் குவிந்தால் நீர் மறுபக்கம் போய்ச் சரிக்கட்டுகிறது. கனத்த கம்பளியை ஒன்றே ஒன்றாகப் போட்டால் மட்டும் அதற்கும் மீறி மெஷின் நடக்க ஆரம்பித்துவிடும். டயர் மணிகளும் அப்படியே. வேகம் வந்த பிறகுதான் வேலை செய்யும். உள்ளே ஈரம் இருந்தால் உருண்டையாகி ஒட்டிக்கொள்ளும். வட்டமில்லாத டயரை அவை வட்டமாக்காது. மிகப் பெரிய டயருக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரண ஜீப்புக்கு முதலில் ஒழுங்கான யந்திரமே போதும்.

சக்கரத்தை வண்டியில் திரும்ப மாட்டும்போது இரும்பு முகத்தில் துருவைத் தேய்த்து எடுக்க வேண்டும். துரு ஒரு பக்கம் தடித்திருந்தால் சக்கரம் சாய்ந்து உட்காரும். ஐந்து நட்டையும் வரிசையாக இறுக்கக் கூடாது. ஒன்றை விட்டு ஒன்று, கோலத்தில் ஐந்து முனை நட்சத்திரம் போடுவோமே, அந்தக் கோட்டின் வழியே போக வேண்டும். 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தரம் இறுக்கம் பார்ப்பது அவசியம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஆடினால்? முன் அச்சைப் பார்க்க வேண்டியதுதான். வில் தகடு வைத்த பழைய ஜீப்புகளில் கிங் பின், டை ராட் முனை, சக்கர பேரிங், வில்லின் புஷ் இவை தேய்ந்திருந்தால், ஒரு சின்னக் குழியில் சக்கரம் விழுந்த மாத்திரத்தில் ஸ்டீயரிங் முழுதுமாக இடமும் வலமும் அடிக்க ஆரம்பித்துவிடும். சாதாரண நடுக்கம் அல்ல. கையைப் பிடுங்கிக்கொண்டு போகிற ஆட்டம். ஆங்கிலத்தில் இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே லட்சணமாக இல்லை. அப்படி வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டி தானாக வேகம் குறைய விட்டு, பிறகு ஓரம் கட்டுங்கள். இதற்குச் சிலர் ஸ்டீயரிங் டேம்பர் என்று ஒரு குழாயைப் புதிதாக மாட்டி ஆட்டத்தை அமுக்கிக் கொடுப்பார்கள். சொத்தைப் பல்லுக்குக் கிராம்புத் தைலம்! வலி அடங்கும், சொத்தை வளரும். தேய்ந்த சாமானை மாற்றிய பிறகு டேம்பர் போடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நிறுத்தியே வைத்திருந்த வண்டி ஒரு தனி ரகம். எஸ்டேட் பங்களாவில் இரண்டு மாதம் நின்ற ஜீப்பில் ஏறினால் முதல் சில கிலோமீட்டர் தடதடக்கும், பிறகு சரியாகிவிடும். நைலான் டயர் நின்ற இடத்தில் தட்டையாகி, சூடு ஏறியதும் வட்டத்துக்குத் திரும்புகிறது. இதற்காகக் கடைக்கு ஓட வேண்டாம். வாரம் ஒரு முறை வண்டியை ஒரு முழம் நகர்த்தி நிறுத்தினால் போதும்.

டயரை ஓரத்திலிருந்து உள்ளங்கையால் தடவிப் பார்க்கிற பழக்கமும் நல்லது. ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த் திசையில் தேங்காய்த் துருவி போலவும் இருந்தால் பற்கள் சாய்வாகத் தேய்ந்துவிட்டன. மட் டயருக்கு இது சீக்கிரம் வரும். 5,000 முதல் 8,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றி வந்தால் தள்ளிப் போடலாம். வந்த பிறகு பாலன்ஸிங்கால் திரும்பாது.

இன்னும் பெரிய டயர், இன்னும் உயர்ந்த வண்டி என்று வீட்டுப் பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஒன்றைச் சொல்லிவையுங்கள். தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் மட் டயர் கிடைக்கிறது. பாலன்ஸ் செய்யவும் அதுதான் சுலபம்.

கடைசியாக, காற்று. சேற்றிலும் மணலிலும் போகும்போது பிடிமானத்துக்காகக் காற்றைக் குறைப்பது வழக்கம். திரும்பி வந்து தார் ரோட்டில் ஏறுமுன் கதவோரத் தகட்டில் போட்டிருக்கிற அளவுக்கு அடைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக் குறைந்த டயரில் ஓங்கி முடுக்கினால் ரிம் சுற்ற, டயர் சற்றுப் பின்தங்கி, ரிம்மின் மேல் வழுக்கி நகர்ந்துவிடும். புதிதாக மாட்டிய டயரில் சோப்புத் தண்ணீர் காயுமுன் ஓங்கிப் பிரேக் போட்டாலும் இதே கதி. டயர் நகர்ந்தால் எடைக்கட்டி ஓரிடம், கனம் ஓரிடம். செய்த பாலன்ஸ் அத்தனையும் வீண். இதைக் கண்டுபிடிக்க யந்திரம் வேண்டாம். பாலன்ஸ் முடிந்து வண்டி வீட்டுக்கு வந்ததும், ஒவ்வொரு சக்கரத்திலும் வால்வுக்கு நேரே டயரின் மேல் வெள்ளைப் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு இழுத்துவிடுங்கள். தோப்பிலிருந்து திரும்பி வரும்போதெல்லாம் ஒரு பார்வை பாருங்கள். கோடு வால்வை விட்டு இரண்டு விரற்கடை நகர்ந்திருந்தால், அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றி மறுநாள் கடைக்கு அனுப்பினால் போதும்.